வாய் திறக்காத உறுதிபூசுதல் வகுப்பு

உறுதிபூசுதலுக்கு (ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் கத்தோலிக்கச் சடங்கு) தயாராகும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி எடுக்கிறேன். சின்னப் பிள்ளைகள் என்றால் பாட்டு, படம், மிட்டாய் போதும். இவர்களோ கடைசி பெஞ்சில் சுவரோடு சாய்ந்துகொண்டு, ஏதாவது கேட்டால் செருப்பைப் பார்ப்பார்கள். திருச்சபையின் புனிதச் சடங்குகளான ஏழு அருட்சாதனங்களையும் கடகடவென்று ஒப்பிப்பார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஒரு பழைய பிஸ்கட் டின்னும் கொஞ்சம் துண்டுச்சீட்டும் கொண்டுபோய் வைத்தேன். மனசில் இருக்கும் கேள்வியை எழுதி அதில் போடலாம், பெயர் எழுதக்கூடாது, சீட்டை நான் மட்டும்தான் பிரிப்பேன் (கையெழுத்தைக் கண்டுபிடிப்பதில் பசங்க கில்லாடிகள்). முதலில் வந்ததெல்லாம் கிண்டல்தான், அதையும் முகம் சுளிக்காமல் வாசித்தேன். அப்புறம், குருவிடம் தனியாகப் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் பற்றி ஒரு சீட்டு வந்தது: "பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை ஃபாதர் எங்கம்மாகிட்ட சொல்லிடுவாரா?"

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பங்குத்தந்தையையே கூப்பிட்டுப் பதில் சொல்லச் சொன்னேன். கொலையே செய்ததாகச் சொன்னாலும் போலீஸிடம்கூட வாய் திறக்க முடியாது, அந்த இரகசியத்தை நேரடியாக வெளியிடும் குரு அந்தச் செயலாலேயே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார், அதை நீக்கும் அதிகாரம் ரோமுக்குத்தான் என்று அவர் விளக்க, பின்னால் ஒருத்தன் "செம ஸ்ட்ரிக்ட்ல" என்றான்.

இப்போது மறைக்கல்விப் புத்தகத்தைச் சீட்டில் வரும் கேள்வியை வைத்துத்தான் திறக்கிறோம், பாட வரிசை கொஞ்சம் கலைந்தாலும் பரவாயில்லை. பதில் தெரியாத கேள்வி வந்தால் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அடுத்த வாரம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், இந்த வயசுப் பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.