வீட்டு விலை இறங்குமா என்பதை நீங்களே கணிப்பது எப்படி?

வரும் ஆண்டுகளில் வீட்டு விலை இறங்குமா என்று கேட்பவர், எந்த இறக்கத்தைக் கேட்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விற்பவர் சொல்லும் தொகையே குறைவது ஒரு வகை. தொகை அப்படியே நிற்க, பணவீக்கம் அதன் மதிப்பைக் கரைத்துவிடுவது இன்னொரு வகை. ஆண்டுக்கு 6% பணவீக்கம் உள்ள காலத்தில் ஒரு வீட்டின் விலை 10 ஆண்டுகள் அசையாமல் நின்றால், அதன் உண்மை மதிப்பு ஏறத்தாழ 44% குறைந்துவிட்டது என்று பொருள். இந்த இரண்டாம் வகை இறக்கத்தைப் பலர் இறக்கம் என்றே உணர்வதில்லை.

அடுத்து வட்டியைக் கணக்கிடுங்கள். பெரும்பாலோர் கடனில் வாங்குவதால், விலையை விட மாதத் தவணைதான் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. 20 ஆண்டுக் கடனுக்கு வட்டி 6 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக உயர்ந்தால், அதே தவணையைக் கட்டக்கூடியவருக்குக் கிடைக்கும் கடன் சுமார் 20% சுருங்கிவிடும். ஆனால் வட்டி ஏறினால் விலை இறங்கியே தீரும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்காவில் 2021 தொடக்கத்தில் 3 சதவீதத்திற்கும் கீழே இருந்த 30 ஆண்டு வீட்டுக்கடன் வட்டி, 2022 இறுதிக்குள் 7 சதவீதத்தைத் தொட்டபோதும் விலை சரியவில்லை. குறைந்த வட்டியில், கடைசி வரை வட்டி மாறாத கடன் வாங்கியிருந்தவர்கள், அதை இழந்து புதிய கடன் எடுக்க மனமின்றி வீட்டை விற்காமலே இருந்துவிட்டார்கள்.

ஆகவே கவனிக்க வேண்டியது, விற்றே ஆக வேண்டிய நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே. வசதியுள்ள உரிமையாளர் நல்ல விலைக்காகக் காத்திருப்பார். தவணை கட்ட முடியாதவரால் அப்படிக் காத்திருக்க முடியாது. அமெரிக்காவில் 2006இல் உச்சம் தொட்ட விலை 2012 வரை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்ததற்கும், அயர்லாந்தில் 2007க்குப் பின் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததற்கும், தாராளமாகக் கொடுக்கப்பட்ட கடன், மிதமிஞ்சிய கட்டுமானம், வேலையிழப்பு ஆகியவை ஒன்றுசேர்ந்ததே காரணம். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் விலை பெரும்பாலும் தேங்குமே தவிர வீழாது என்பது என் கருத்து.

இதை உங்கள் பகுதியில் சோதிக்க, விளம்பரங்களில் கேட்கப்படும் விலையை நம்பாமல், உண்மையில் முடிந்த விற்பனைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பொதுவாக முதலில் விற்பனை குறையும், விலை அதற்குப் பல மாதங்கள் கழித்தே அசையும். ஒரே வீடு எத்தனை மாதங்களாக விற்பனைக்கு நிற்கிறது, கட்டி முடித்தும் ஆள் குடிவராத வீடுகள் பெருகுகின்றனவா, வங்கி ஏல அறிவிப்புகள் கூடுகின்றனவா என்பவற்றை ஓராண்டாவது குறித்து வாருங்கள். வீட்டின் விலையை ஆண்டு வாடகையால் வகுத்துப் பார்ப்பதும் பயன் தரும். வாடகை ஏறாமல் இந்த எண் மட்டும் ஆண்டுதோறும் பெருகுமானால், வாங்குபவர்கள் குடியிருக்கும் பயனுக்காக அல்லாமல், பின்னர் இன்னும் உயரும் என்ற நம்பிக்கைக்காகப் பணம் கொடுக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஜப்பானில் அத்தகைய நம்பிக்கையில் ஏறிய நகர நில விலை, 1991க்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியாக, உங்கள் சொந்தக் கால அளவை இந்தக் கணக்கில் சேருங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் ஊர் மாற வேண்டியிருந்தால், பதிவுச் செலவும் தரகும் சேர்ந்து சிறிய இறக்கத்தையும் பெரிய இழப்பாக்கிவிடும் என்பதால் வாடகையில் இருப்பதே பாதுகாப்பு. நீண்ட காலம் குடியிருக்கப் போகிறவர், வாங்கிய விலையில் 20% குறைந்தாலும், ஆறு மாதம் வருமானம் நின்றாலும் தவணை தவறாமல் கட்ட முடியுமா என்று எழுதிக் கணக்கிட்டுப் பார்த்து, முடியும் என்றால் மட்டும் முன்பணம் கொடுக்கட்டும்.