தேன்மெழுகில் நூல் பதித்து ஓவியம்: குழந்தைகளோடு செய்ய ஒரு ஹுயிச்சோல் கைவினை

மெக்சிகோவின் மேற்கு சியர்ரா மாத்ரே மலைகளில் வாழும் ஹுயிச்சோல் மக்கள், பலகையில் தேன்மெழுகு பூசி அதில் வண்ண நூலை விரலால் அழுத்தி ஓவியம் செய்கிறார்கள். தூரிகை கிடையாது, ஊசி கிடையாது. நூல்தான் கோடு, நூல்தான் நிறம். தெய்வங்களுக்குக் காணிக்கையாக வைக்கும் 'நியெரிகா' என்ற சிறு பலகையிலிருந்து வளர்ந்த கலை இது. குழந்தைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹுயிச்சோல் மக்களின் சடங்குச் சின்னங்களைப் பார்த்து அப்படியே போட வேண்டாம். மான், சூரியன், மக்காச்சோளம், பாம்பு போன்ற உருவங்களைக் குழந்தை தன் போக்கில் வரையட்டும்.

ஆறு முதல் எட்டு வயது வரை 10 செ.மீ. சதுரம் போதும். அதற்கு மேல் 15 செ.மீ. எடுக்கலாம். 3 மி.மீ. பிளைவுட் நல்லது. மெல்லிய அட்டை என்றால் அழுத்தும்போது வளைந்து மெழுகு விரிசல் விடும். 15 செ.மீ. பலகைக்குச் சுமார் 30 கிராம் தேன்மெழுகும், எல்லா நிறமும் சேர்த்து 15 மீட்டர் நூலும் வேண்டும். 2 மி.மீ. தடிமனுள்ள, முறுக்கு இறுகிய அக்ரிலிக் உல்லன் நூல் வாங்குங்கள். பஞ்சுபோல் முடி பறக்கும் நூலில் கோட்டின் விளிம்பே தெரியாது.

ஹுயிச்சோல் கலைஞர்கள் மெழுகோடு பைன் பிசினும் சேர்ப்பதுண்டு. குழந்தைகளுக்கு அது வேண்டாம், வெறும் மெழுகே போதும். மெழுகை அடுப்பில் உருக்காதீர்கள். வெயிலில் வைத்தோ ஹேர் டிரையர் காட்டியோ இளக்கினால் பிசைய வரும். சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டிப் பலகையில் ஒட்டி, ஒன்றோடொன்று சேரும்படி கட்டைவிரலால் தேயுங்கள். 1 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான கனம் சரியாக இருக்கும். அதைவிட மெலிந்தால் நூல் பெயர்ந்து வரும். தடித்தால் மெழுகு இழைகளுக்கு நடுவே பிதுங்கி நிறத்தை மங்கவைக்கும்.

உருவத்தின் வெளிக்கோட்டை மழுங்கிய குச்சியால் மெழுகில் கீறுங்கள். உள்ளே கண், காது என்று நுணுக்கம் வேண்டாம். ஒரு விரல் அகலத்துக்குக் குறைந்த பகுதியை நூலால் நிரப்புவது சிறு கைகளுக்குக் கடினம்.

பலகையின் ஓரத்தைச் சுற்றி இரண்டு வரிசை நூல் பதித்துத் தொடங்குங்கள். விளிம்பு அதிலேயே கட்டுப்பட்டுவிடும். அடுத்து உருவத்தின் வெளிக்கோடு. பிறகு அந்தக் கோட்டை ஒட்டியே உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி நடுவரை வாருங்கள். இந்தக் கலையின் உயிரே இங்குதான் இருக்கிறது. நேர்க்கோடுகளாக அடுக்கினால் மான் தட்டையாகிவிடும். வடிவத்தைப் பின்தொடர்ந்து சுற்றினால் அதன் வயிறும் கழுத்தும் அசைவது போலத் தெரியும். பின்னணியையும் அப்படியே, உருவத்தைச் சுற்றி அலை அலையாக நிரப்புங்கள். எங்கும் மெழுகு வெறுமையாகத் தெரியக் கூடாது.

நூலை முன்கூட்டியே துண்டு போடாதீர்கள். ஒரு கை உருண்டையிலிருந்து நூலை விட, மற்றக் கையின் நகம் அதை அழுத்திக்கொண்டே போகட்டும். பகுதி முடிந்ததும் வெட்டலாம். குழந்தைகள் நூலை இழுத்துப் பிடிப்பார்கள். இழுத்துப் பதித்த நூல் பிறகு சுருங்கி, வளைவுகளில் எழும்பிவிடும். தளர்வாக விடச் சொல்லுங்கள். கூர்மையான மூலை வந்தால் அந்தப் புள்ளியைப் பல்குச்சியால் குத்தி அமுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மூலை உருண்டுவிடும். வரிசைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் மேலே இன்னொரு நூலைத் திணிக்காமல், ஏற்கெனவே உள்ள வரிசையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி நெருக்குங்கள்.

நூல் ஒட்டாமல் போனால் பெரும்பாலும் மெழுகு குளிர்ந்ததுதான் காரணம். பத்து விநாடி ஹேர் டிரையர் காட்டினால் இளகும். அதைப் பெரியவர்களே பிடிக்க வேண்டும். ஒரே அமர்வில் முடிக்க வற்புறுத்தாதீர்கள். மெழுகு காய்ந்துபோகாது என்பதால் மறுநாளும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். வெள்ளைப் பசையில் இந்த வசதி கிடையாது.

முடிந்ததும் மேலே பட்டர் பேப்பர் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை சீராக அழுத்துங்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். மெழுகு இளகினால் நூல் வரிசைகள் இடம் பெயர்ந்துவிடும்.