சேலம் வெயிலில் ஒரு மப்ளர்: ஊசி பிடிக்கவே தெரியாதவர்களுக்குப் பின்னல்

சேலத்தில் உட்கார்ந்து உல்லன் பின்னுகிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். "இந்த வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர்?" என்பார்கள். அப்படிக் கேட்பவர்களை மார்கழி மாதம் ஒரு சாயங்காலம் ஏற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. ஆக, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் எட்டு டிகிரி காணாமல் போயிருக்கும். ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் இறங்கியதும் சிரித்தவர்கள் எல்லாம் துப்பட்டாவையும் துண்டையும் காதோடு இறுக்கிக்கொள்வார்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏற்காட்டில் இருக்கும் அத்தை. அவர் சின்ன வயதில் பழகியது ஈர்க்குச்சியில். நான் நல்ல ஊசியிலேயே பழகினேன், ஆனாலும் என் முதல் துண்டு 20 கண்ணியில் (கண்ணி என்றால் ஊசியில் நிற்கும் நூல் வளையம்) தொடங்கி, நாற்பது வரிசைக்குள் 31 கண்ணி ஆகி, முக்கோணமாக வந்து நின்றது. அத்தை அதை வாங்கி விரித்துப் பார்த்தார். "கை நல்லாத்தான் போகுது கண்ணு, நீ பார்க்கவே இல்லையே" என்றார். அது உண்மைதான். ஊசியை அசைப்பது அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஊசியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் நாளாகும். அதனால் இந்த விளக்கத்தில் எப்படிப் பின்னுவது என்பதைவிட எதைப் பார்ப்பது என்பதுதான் அதிகம் இருக்கும்.

ஊசிக்கு முன்னால் ஒரு பனியன்

வீட்டில் இருக்கும் பழைய பனியன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் நீட்டிப் பிடியுங்கள். வெளிப்பக்கத்தில் ஆங்கில 'வி' எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் தெரியும். உள்பக்கம் திருப்பினால் சின்னச் சின்ன மேடுகள், அலை அலையாக. திருப்பூர் மெஷினில் ஓடுவதும் நாம் கையால் செய்வதும் ஒரே வேலை: ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுப்பது. நம்மூர்த் தறியில் பாவு ஒரு நூல், ஊடை ஒரு நூல் என்று குறுக்கும் நெடுக்கும் ஓடும். பின்னலில் இருப்பது ஒரே நூல்தான். அதனால்தான் பனியன் இழுத்தால் நீளும், வேட்டி நீளாது. அதனால்தான் ஒரு கண்ணி விட்டுப்போனால் ஏணி மாதிரி கீழே ஓடும். இது தெரிந்துவிட்டால் பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம் தானாகப் புரியும்.

வாங்க வேண்டியவை

ஊசி 8-ஆம் நம்பர், ஒரு ஜோடி. இங்கே கடைகளில் ஓடும் பழைய நம்பர் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் முழு வேலையும் மாறிவிடும், எனவே ஊசியின் முனைக் குமிழில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அலுமினிய ஊசியில் நூல் வழுக்கிக்கொண்டு ஓடும், புதுக் கைக்குக் கண்ணி நழுவும். மூங்கில் ஊசி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். சித்திரையில் பின்னுகிற சேலத்துக்காரருக்கு, வியர்த்த கைக்கு, மூங்கில்தான் என் ஓட்டு.

நூல் வெளிர் நிறமாக, முறுக்கு நன்றாக இருப்பதாக, நடுத்தரக் கனத்தில் வாங்குங்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், கண்ணி தெரியாது. பூனை வால் மாதிரி ரோமம் நிற்கும் நூல் வேண்டவே வேண்டாம். லேபிளில் சாய லாட் எண் இருக்கும், அதாவது ஒரே தடவையில் சேர்ந்து சாயம் ஏறிய நூலுக்கான எண். எல்லா உருண்டையும் ஒரே லாட்டாக, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். ஒரு மப்ளருக்கு 150 முதல் 200 கிராம் ஆகும்.

'உல்லன்' என்று கடையில் கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். எனக்கு ஒரு கடையில் சுத்தமான கம்பளி என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பார்த்தேன். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். இது உருகி, மிளகு மாதிரி கெட்டியாகச் சுருண்டது. பழகுவதற்கு அக்ரிலிக் ஒன்றும் மோசமில்லை, விலை குறைவு, உடம்பில் அரிக்காது. விலையை மட்டும் கம்பளி விலை கொடுக்காதீர்கள்.

கூடவே ஒரு கத்தரிக்கோல், மொட்டை நுனியுள்ள உல்லன் ஊசி ஒன்று, நாலைந்து ஊக்கு. ஊக்கு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

படி 1: சுருக்கு முடிச்சு

நூல் முனையில் ஒரு சாண் விட்டுவிட்டு ஒரு வளையம் போடுங்கள். உருண்டையிலிருந்து வரும் பக்கத்து நூலை அந்த வளையத்துக்குள் கொஞ்சமாக இழுத்தால் புது வளையம் ஒன்று வரும். அதை ஊசியில் மாட்டி நூலை இழுங்கள். ஊசியில் அது தாராளமாக நகர வேண்டும். இதுதான் முதல் கண்ணி.

படி 2: கண்ணி ஏற்றுதல்

கட்டைவிரலில் நூலைச் சுற்றி ஏற்றும் முறையைத்தான் பலர் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். அழகான முறைதான், ஆனால் நூல் எவ்வளவு விடுவது என்று குத்துமதிப்பாகத் தெரிய வேண்டும். பழகுபவர்களுக்கு நான் வேறொன்று சொல்வேன். இதில் பின்னுகிற அசைவே ஏற்றுவதற்கும் உதவும்.

முடிச்சு இருக்கும் ஊசி இடது கையில், காலி ஊசி வலது கையில். வலது ஊசியின் நுனியை அந்தக் கண்ணிக்குள் உங்கள் பக்கமிருந்து பின்பக்கமாக நுழையுங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் குறி போல நிற்கும், வலது ஊசி பின்னால். உருண்டையிலிருந்து வரும் நூலை வலது ஊசிக்குப் பின்புறமாக இடப்பக்கம் கொண்டுவந்து, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே விட்டு, வலப்பக்கம் இழுங்கள். இப்போது வலது ஊசி நுனியில் நூல் ஒரு சுற்று இருக்கும். அந்தச் சுற்று நழுவாமல் நுனியை உங்களை நோக்கிக் கண்ணி வழியாக வெளியே இழுங்கள். வந்த புது வளையத்தை இடது ஊசியிலேயே மாட்டிவிடுங்கள். இரண்டு கண்ணி ஆயிற்று. இப்படியே 20 வரும்வரை.

இறுக்கி இழுக்காதீர்கள். புதுக் கைகள் எல்லாமே இறுக்கத்தான் செய்யும், எங்கே நழுவிவிடுமோ என்ற பயம். ஊசியில் கண்ணி 'கீச்' என்று சத்தம் போட்டால் இறுக்கம் என்று அர்த்தம்.

படி 3: நிட்

அதே அசைவுதான், கடைசி மட்டும் வேறு. நுழைத்து, சுற்றி, இழுத்தபின், புதுக் கண்ணியை வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். அத்தை இதை "நுழை, சுத்து, இழு, கழட்டு" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே செய்வார். முதல் நாள் நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

20 கண்ணியும் வலது ஊசிக்கு வந்ததும் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. எல்லா வரிசையும் நிட் போட்டால் இரண்டு பக்கமும் மேடு மேடாக வரும். இதற்கு கார்ட்டர் பின்னல் என்று பெயர். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு. ஓரம் சுருளாது, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

படி 4: எண்ணுங்கள், பாருங்கள்

இங்கேதான் என் முக்கோணம் பிறந்தது. 20 கண்ணி 31 ஆனதற்குக் காரணம் வரிசைத் தொடக்கம். ஊசியைத் திருப்பியதும் நூல் முன்பக்கம் இருக்கும். அதைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். நான் ஊசிக்கு மேலாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப் போட்டால் கீழ்க்கண்ணி மேலே ஏறி, முதல் கண்ணி இரண்டு கண்ணி போல விரிந்து நிற்கும். அதை நம்பி இரண்டையும் பின்னினால் ஒன்று கூடிவிடும். திருப்பியதும் நூலைக் கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஊசிக்கு அடிப்பக்கமாகப் பின்னால் கொண்டுபோங்கள். அவ்வளவுதான் ரகசியம்.

அடுத்தது, கண்ணிக்குக் கால் உண்டு. ஊசியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கண்ணியும் குதிரைமேல் உட்கார்ந்த ஆள் மாதிரி, ஒரு கால் ஊசிக்கு முன்னால், ஒரு கால் பின்னால். முன்னால் தெரியும் கால் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இடப்பக்கம் இருந்தால் நூலை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறீர்கள், அந்தக் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். முதல் பத்து வரிசைக்காவது. 21 வந்தால் அந்த வரிசையிலேயே தேடினால் கிடைத்துவிடும். பத்து வரிசை கழித்துத் தேடினால் அழுகைதான் வரும்.

இன்னொன்று, வரிசை நடுவில் எழுந்து போகாதீர்கள். நான் ஒருமுறை மலையேறும் பஸ்ஸில் பின்னிக்கொண்டு போனேன். வளைவு ஒன்றில் வண்டி திரும்ப, நான் ஜன்னல் கம்பியைப் பிடிக்க, பின்னல் மடியில் விழுந்தது. மறுபடி எடுத்தபோது கை மாறிவிட்டது, வந்த திசையிலேயே திரும்பப் பின்னிக்கொண்டு போயிருக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் நடுவில் படிக்கட்டு தெரிந்தது. அப்படி நிறுத்த நேர்ந்தால், உருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கைக்கு. இதை மறக்காதீர்கள்.

படி 5: கண்ணி நழுவினால்

பதறி எல்லாவற்றையும் உருவாதீர்கள். ஊக்கை எடுத்து, நழுவிய கண்ணியைக் கோத்துப் பூட்டிவிடுங்கள். இனி அது எங்கும் ஓடாது. அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நிதானமாகப் பார்க்கலாம்.

அந்தக் கண்ணி இருக்கும் இடம்வரை ஒவ்வொன்றாகத் திரும்பிப் போவதுதான் தொடக்கத்தில் நம்பகமான வழி. வலது ஊசியிலுள்ள முதல் கண்ணிக்கு நேர் கீழே இருக்கும் கண்ணியில் இடது ஊசியை நுழைத்து, வலது ஊசியைக் கழற்றி, நூலை இழுங்கள். ஒரு கண்ணி பின்னோக்கி வந்தாயிற்று. மெதுவான வேலை. ஆனால் ஒரு வரிசை இப்படிப் பிரித்தவருக்கு, கண்ணி எதனால் ஆனது என்று இனி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

நழுவாமலே ஓட்டை தெரிகிறதா? நூல் தெரியாமல் ஊசிமேல் ஒரு சுற்று விழுந்திருக்கும். அடுத்த வரிசையில் அந்தச் சுற்றைப் பின்னாமல் கழற்றிவிட்டால் போதும்.

படி 6: பர்ல்

மப்ளருக்கு இது தேவையில்லை, தாண்டிப் போனாலும் பரவாயில்லை. நூல் முன்பக்கம் இருக்க வேண்டும். வலது ஊசியை வலமிருந்து இடமாக, இடது ஊசிக்கு முன்னால் வரும்படி நுழைத்து, நூலைச் சுற்றி, நுனியைப் பின்பக்கமாகத் தள்ளி, பழைய கண்ணியைக் கழற்றுங்கள். நிட்டின் முதுகுதான் பர்ல். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் அந்தப் பனியன் துணி வரும். ஆனால் ஓரம் பாய் மாதிரி சுருட்டிக்கொள்ளும், அதனால் அதில் மப்ளர் போட வேண்டாம்.

படி 7: மப்ளரும் முடிப்பும்

20 கண்ணியில் 40 வரிசை ஒழுங்காக வந்துவிட்டால் துண்டை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். என் கைக்கு 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 20 கண்ணி, 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 20 மேடு. அந்தக் கணக்கில் 36 கண்ணி ஏற்றினால் 18 சென்டிமீட்டர் அகலம். 140 சென்டிமீட்டர் நீளத்துக்கு 280 மேடு, அதாவது 560 வரிசை. மொத்தம் இருபதாயிரத்துச் சொச்சம் கண்ணி. பயப்படாதீர்கள், நாளைக்குப் பத்து மேடு போட்டால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். உருண்டை தீர்ந்தால் புது நூலை வரிசையின் ஓரத்தில் தொடங்குங்கள், நடுவில் முடிச்சு போடாதீர்கள். இரண்டு முனையும் ஒரு சாண் தொங்கட்டும்.

முடிக்கும்போது, இரண்டு கண்ணி நிட் போடுங்கள். இடது ஊசி நுனியால் முதல் கண்ணியைத் தூக்கி, இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தாண்டவைத்து விட்டுவிடுங்கள். வலது ஊசியில் ஒன்று மிஞ்சும். இன்னொரு நிட், மறுபடி தாண்டல். கடைசிக் கண்ணி மட்டும் நிற்கும்போது நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுங்கள். முடிப்பு இறுகினால் மப்ளரின் ஒரு முனை சுருங்கி வாழைப்பூ மாதிரி குவியும். இதைத் தவிர்க்க வலது கைக்கு மட்டும் ஒரு சைஸ் தடிமனான ஊசி, 7-ஆம் நம்பர், எடுத்துக்கொள்ளலாம். தொங்கும் முனைகளை மொட்டை ஊசியில் கோத்து மேடுகளுக்குள் ஒரு திசையில் கொஞ்ச தூரம், திரும்பி எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் ஓட்டி வெட்டுங்கள்.

அக்ரிலிக் என்றால் சூடான இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். நூல் தளர்ந்து தட்டையாகிவிடும், பிறகு எது செய்தாலும் எழாது. மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டில் வைத்துச் சுருட்டிப் பிழிந்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். சேலம் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஏற்காட்டில் பனி இறங்கும் நாட்களில் மூன்று நாள் ஆனாலும் ஈரம் போகாது. அதனால் அத்தை தன் உல்லன் உருப்படிகளை ஒரு பையில் கட்டி, கீழே வருகிறவர்கள் யாரிடமாவது எனக்குக் கொடுத்துவிடுகிறார்.