கொப்பியில் நான் இல்லை

திருகோணமலையில் எங்கள் கடைக்கு யார் வந்தாலும் அவர் பேசி முடிக்குமுன் நான் குறுக்கே பாய்ந்து திருத்துவேன். அடக்கம் பழக, மனதை அடக்கி ஆளச் சொல்லும் பழைய கிரேக்க, ரோமத் தத்துவமான ஸ்டோயிக் வழியைப் பிடித்தேன்.

முதலில் விடிய நாலரைக்கு எழும்பிக் கிணற்றுக் குளியல். கிடைத்தது தடிமன்தான், போதாக்குறைக்கு அதைச் சொல்லிப் பெருமையடிக்கவும் தொடங்கினேன். அப்புறம் அந்த வழியில் நின்ற ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸ் எழுதியதை வாசித்தேன். வாசித்ததெல்லாம் தம்பிக்குப் புத்தி சொல்லத்தான் உதவியது.

பிறகு ரோமத் தத்துவஞானி செனெக்காவின் இரவுக் கணக்கு. விளக்கை அகற்றி, மனைவியும் பேச்சை நிறுத்திய பின் அன்றைய நாளைத் தானே விசாரிப்பதாகக் கோபம் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். நானும் பத்து நாள் எழுதினேன், மாற்றமில்லை. சரி என்று பழைய பக்கங்களைப் புரட்டினால், "தம்பி மிச்சக்காசை மாறிக் கொடுத்தான்", "மீன்காரர் பிந்தினார்". ஒரு வரியிலும் நான் இல்லை!

அன்றிலிருந்து ஒவ்வொரு வரியும் 'நான்' என்றே தொடங்கும். 'ஆனால்' வந்தால் வெட்டு. முதல் இரவு ஒரே வரி: "நான் மாமியின் பேச்சை மூன்று தரம் மறித்தேன்."

நாலாம் நாள் மாமி திரும்ப வந்தா. வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் நினைத்த மாதிரி அவ வந்தது அரிசி விலை பேச இல்லை, பழைய கடனைக் கட்ட.