பக்கத்தில் நிற்பவர்களை வீணடிக்காதீர்கள்: அறிவியல் புனைவு அனிமேஷன் தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'குளோன் வார்ஸ்' அனிமேஷன் தொடரில் பாரிஸ் ஆஃபி என்ற பெண் குற்றவாளியாக மாட்டிக்கொள்ளும் காட்சியை நான் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் வரும்: இந்தப் பெண் இத்தனை நாளாக எங்கே இருந்தாள்?

'ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்' 2008-இல் தொடங்கி, நடுவில் நின்று, மறுபடி உயிர் பெற்று, 2020-இல் ஏழாவது சீசனோடு முடிந்த தொடர். மொத்தம் 133 எபிசோடுகள். இவ்வளவு நீளமான தொடரில் துணைப் பாத்திரங்களை எப்படிக் கையாளலாம், எப்படிக் கையாளக் கூடாது என்ற இரண்டுக்குமே பாடம் இருக்கிறது. அறிவியல் புனைவு எழுதுகிறவர்களும், காமிக்ஸ், அனிமேஷன் என்று முயன்று பார்க்கிறவர்களும் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாரிஸிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டாவது சீசனில், 2009-இல், ஜெடாய் என்ற வீரர் கூட்டத்தில் பயிலும் அசோகாவும் அவளும் ஜியோனோசிஸ் கோளில் ஓர் ஆயுதத் தொழிற்சாலையைத் தகர்க்கப் போகிறார்கள். உள்ளே போக நிலத்தடியில் பாதைகள் கிளை கிளையாகப் பிரிகின்றன. அந்த வழி முழுவதையும் பாரிஸ் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பாள். குரு சொன்னதை ஒரு வரி பிசகாமல் செய்யும் பிள்ளை. அசோகா அதற்கு நேர் எதிர். கடைசியில் இரண்டு பேரும் இடிபாடுகளுக்கு அடியில் சேர்ந்து புதைந்து, சேர்ந்து மீட்கப்படுகிறார்கள். அருமையான அறிமுகம். இரண்டு எபிசோடு தள்ளி மூளைக்குள் புகுந்த புழுவோடு போராடும்போது, தன்னைக் கொன்றுவிடும்படி அசோகாவிடம் கெஞ்சுகிறாள். அதன்பின் 2013 வரை அவளுக்கென்று சொல்லும்படியாக ஒரு கதை இல்லை.

2013-இல், ஐந்தாவது சீசனின் கடைசியில், ஜெடாய் கோயிலில் குண்டு வெடிக்கிறது. பழி அசோகாமேல் விழுகிறது. உண்மையில் செய்தவள் பாரிஸ். விசாரணை மன்றத்தில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, இந்தப் போருக்கு ஜெடாய்களும் பொறுப்பு, நம் கூட்டமே வழி தவறிவிட்டது என்கிறாள். அந்தக் குற்றச்சாட்டு சரியானது என்பதுதான் விஷயம். தொடர் முழுக்க நமக்குக் காட்டிவந்த உண்மையை அவள்தான் வாய்விட்டுச் சொல்கிறாள். ஆனால் சொல்லி முடித்ததும் அவளை வெளியே கொண்டுபோய்விடுகிறார்கள். கதை, ஜெடாய்களை விட்டு விலகும் அசோகாவோடு படிகளில் இறங்கிப் போய்விடுகிறது.

இதுதான் நான் பார்த்தவற்றிலேயே பெரிய தவறு: ஒரு பாத்திரத்தின் மனமாற்றத்தை இன்னொரு பாத்திரத்தின் திருப்பத்துக்கு விறகாக்குவது. அசோகா வெளியேற வேண்டும், அதற்கு ஒரு துரோகம் வேண்டும், தெரிந்த முகம் ஒன்று கைவசம் இருக்கிறது, சரி, அவளையே வைத்துக்கொள்வோம். இப்படித்தான் முடிவெடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது; பார்க்கிறவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வழியை மனப்பாடம் செய்த அந்தப் பிள்ளை முதல் முறையாக ஓர் உத்தரவைச் சந்தேகப்பட்ட நாள் எது? ஒரே ஒரு எபிசோடில் அதைக் காட்டியிருந்தால் போதும்.

2024-இல் வந்த 'டேல்ஸ் ஆஃப் தி எம்பயர்' குறுந்தொடரில் ஆறு எபிசோடுகளில் மூன்று அவளுக்குக் கிடைத்தன. சிறையிலிருந்து, போரின் முடிவில் உருவான பேரரசின் ஜெடாய் வேட்டைக்காரர்களிடம் போய்ச் சேர்கிறாள். அவர்களுடைய கொடூரத்தைக் கண்டு விலகுகிறாள். ஒதுக்குப்புறமான இடத்தில் வைத்தியம் பார்க்கிறாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் 2009-க்கும் 2013-க்கும் நடுவில் விழுந்த பள்ளம் அப்படியேதான் கிடக்கிறது. பின்கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் முன்கதையின் இடத்தை நிரப்பாது.

நான் ஒரு கதையைத் திருத்தும்போது செய்கிற சோதனை ஒன்று உண்டு. துணைப் பாத்திரத்தை எழுவாயாக வைத்து, கதையில் அவர் தொடர்பாக நடப்பதையெல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதிக்கொள்வேன். பிறகு பயனிலைகளை மட்டும் பார்ப்பேன். பாரிஸுக்கு எழுதினால் இப்படி வரும்: போனாள், புதைந்தாள், கெஞ்சினாள், குண்டு வைத்தாள். நடுவில் வரவேண்டிய யோசித்தாள், தயங்கினாள், மறுத்தாள், ஒளித்தாள் எதுவுமே இல்லை. சில பாத்திரங்களுக்குச் செயப்பாட்டுவினை மட்டுமே மிஞ்சும்: அனுப்பப்பட்டார், பிடிக்கப்பட்டார், காப்பாற்றப்பட்டார், கொல்லப்பட்டார். அப்படி வந்தால் அந்தப் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு செய்வினையாவது கொடுங்கள்.

கோடி என்ற குளோன் வீரனுக்கு நடந்தது வேறு மாதிரி. ஜெடாய் குரு ஓபி-வானின் வலதுகை போன்ற தளபதி அவன். 2005-ஆம் ஆண்டு வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஓபி-வானையே சுடச் சொல்லி ஆணையிடுகிறவனும் அவன்தான். அந்த ஒரு நொடியின் கனத்தைத் தாங்க, முன்னால் எவ்வளவு நட்பைக் காட்டியிருக்க வேண்டும்! தொடரில் அவன் வருவான், சல்யூட் வைப்பான், போவான். ஏழாவது சீசனின் முதல் கதையிலாவது தன் முறை வந்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், விமானம் விழுந்து அடிபட்டு ஒதுங்கிவிடுகிறான். பாத்திரத்தைக் காயப்படுத்தி ஓரத்தில் படுக்கவைப்பது எழுதுகிறவருக்கு வசதியான வழி. அந்த வசதியை நம்பாதீர்கள்.

கோடிக்கு நியாயம் கிடைத்தது 2023 ஜனவரியில், இதன் தொடர்ச்சியான 'தி பேட் பேட்ச்' தொடரின் இரண்டாவது சீசனில், ஒரே எபிசோடில். பேரரசுக்கு அடிபணிய மறுத்த ஒரு கோளின் ஆளுநரிடம் பேசிப் பார்த்துச் சரணடைய வைக்கிறான். அவர் பிணையாகப் பிடித்து வைத்திருந்த பேரரசு அதிகாரி, விடுபட்டதும் அவரைக் கொல்லச் சொல்லி உத்தரவிடுகிறார். கோடி தயங்குகிறான். பக்கத்தில் நிற்கும் சக வீரன் கிராஸ்ஹேர் சுட்டுவிடுகிறான். கொஞ்ச நேரம் கழித்து, கோடி சொல்லாமல் கொள்ளாமல் படையை விட்டுப் போய்விட்டான் என்று நமக்குத் தெரிகிறது. அவன் போவதைக்கூடக் காட்டவில்லை. 133 எபிசோடுகளில் பிடிபடாத ஆளை அந்த அரைமணிக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால்தான் 'இவருக்குத் திரையில் நேரமே கொடுக்கவில்லை' என்ற புகார் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஜெடாய் குரு கிட் ஃபிஸ்டோ அந்த 2005 படத்தில் சில நொடிகளில் வெட்டுப்பட்டு விழுகிற ஆள். தொடரின் முதல் சீசனில் அவருக்கு ஓர் எபிசோட் கொடுத்தார்கள். எதிரிப் படைத் தலைவன் கிரீவஸின் கோட்டைக்குள் தன் பழைய மாணவனோடு போய், அவனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியே திரும்புகிறார். மாணவன் ஆத்திரத்தில் நேருக்கு நேர் மோதப் போனான், குரு நிதானத்தை விடவில்லை. அவ்வளவுதான் கதை, அது போதும். அவருக்குத் தனித்தொடர் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அனிமேஷனுக்கே உரிய தவறு ஒன்றும் இருக்கிறது: உருவத்தைப் படைத்துவிட்டு அதையே குணம் என்று நினைத்துக்கொள்வது. 1973-74-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' அனிமேஷன் தொடர் 22 எபிசோடுகள். மேக்கப் போட்டுக் காட்ட முடியாத உருவங்களை வரைந்து காட்டலாம் என்ற சுதந்திரம் அவர்களுக்கு அப்போதுதான் கிடைத்தது. மூன்று கை, மூன்று கால் கொண்ட ஏரெக்ஸ் வந்தார். பூனை முகமும் வாலும் கொண்ட எம்ரெஸ் வந்தாள். கண்ணுக்கு விருந்து. ஆனால் ஏரெக்ஸ் எதற்குச் சிரிப்பார், எம்ரெஸுக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டால் பதில் கிடையாது. பணநெருக்கடியும் இருந்தது. முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரில் செக்கோவாக நடித்த வால்டர் கோனிக்கை அழைக்கவே வசதிப்படவில்லை; அந்த நாற்காலியில்தான் ஏரெக்ஸ் உட்கார்ந்தார், அவருக்குக் குரல் கொடுத்தது ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன். ஆனாலும் பணம் இல்லாதது காரணமாகாது. அதே தொடரில், ஆண்களெல்லாம் மயங்கிக் கிடக்கும் ஓர் எபிசோடில் பெண் அதிகாரி உஹுரா கப்பலின் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். அதற்குக் கூடுதலாக ஒரு செலவும் ஆகியிருக்காது.

குளோன் வார்ஸில் வரும் குளோன் வீரர்களின், அதாவது ஒரே ஆளின் நகல்களாக உருவாக்கப்பட்டவர்களின், கதை இதற்கு நேர்மாறு. எல்லோருக்கும் ஒரே முகம். எல்லோருக்கும் ஒரே ஆள், டீ பிராட்லி பேக்கர், குரல் கொடுத்தார். உருவத்தை நம்பிப் பிழைக்க வழியே இல்லாததால் எழுதியவர்கள் குணத்தைத் தேடிப் போனார்கள் என்று நினைக்கிறேன். ஒருவன் விதிமுறைகளை ஒப்பிப்பான், பெயரே எக்கோ. முதல் சீசனில் ரிஷி நிலவில், கேப்டன் ரெக்ஸ் சுட்டுக் கொன்ற ஒரு விலாங்கின் ரத்தத்தைத் தொட்டு, எக்கோவின் பளபளக்கும் புதுக் கவசத்தில் கை பதியும்படி ஓர் அடி வைப்பார். பிறகு வருகிற சீசனில் பார்த்தால் அந்தக் கைத்தடம் நீல வண்ணத்தில் அவன் மார்பில் நிரந்தரமாக இருக்கும். அதைக் கண்டதும் அவன் ரெக்ஸை எப்படி நினைக்கிறான் என்று புரிந்துவிடுகிறது.

சாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துணைப் பாத்திரத்தைக் கொன்றால் கனம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உயிரோடு இருந்தபோது கனம் கொடுக்காதவனுக்குச் சாவு எதையும் கொடுக்காது. ஹெவி என்ற குளோன் வீரன் முதல் சீசனிலேயே தன்னைக் கொடுத்து ரிஷி நிலவின் கண்காணிப்புத் தளத்தைத் தகர்த்துவிட்டான். இரண்டு வருடம் கழித்து, 2010-இல், அவனுடைய பயிற்சிக் காலத்துக்குத் திரும்பிப் போகிறார்கள். இரவில் ஓடிப்போகப் பார்க்கும் அவனை, பிறவியிலேயே உடல் கோணிப்போனதால் போருக்கு அனுப்பாமல் துப்புரவு வேலைக்கு வைத்த 99 என்பவன் தடுத்து நிறுத்துகிறான். தேர்ச்சி பெற்ற ஹெவி தன் பதக்கத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் எப்படிச் சாகப் போகிறான் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. 99-க்கும் இரண்டு எபிசோடுகள்தான். எனக்கு இன்னும் அவனை மறக்க முடியவில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் வசனத்தில் சொல்லித் தீர்க்கும் பழக்கம். முதல் சீசனில் ரைலாத் கோளில் வாக்ஸர், பாயில் என்ற இரண்டு வீரர்கள் இடிந்த ஊருக்குள் நூமா என்ற குட்டிப் பெண்ணைக் கண்டெடுக்கிறார்கள். அவள் நடுங்குகிறாள். தாங்கள் இயந்திரங்கள் இல்லை என்று காட்ட ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள். போகும்போது அவள் தன் மொழியில் அவர்களை 'நேரா' என்று கூப்பிடுவாள், அண்ணன் என்று அர்த்தம். 2011-இல், உம்பாரா கோளில், தன் பக்கத்துப் படையையே எதிரி என்று நம்பவைத்த ஒரு தளபதியின் சூழ்ச்சியால் வாக்ஸர் தன் சகோதரர்கள் கையாலேயே சுடப்பட்டுச் சாகிறான். பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் ரெக்ஸ் நூமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச அவருக்கு எதுவும் தெரியாது. வாக்ஸரின் ஹெல்மெட்டில் அந்தக் குழந்தையின் முகம் வரைந்திருக்கும்.