ஒரே குளத்தில் இத்தனை வகை நுண்பாசி எப்படிப் பிழைக்கிறது? இரண்டு பாட்டிலில் செய்து பார்க்கலாம்

குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பத்துப் பதினைந்து வகை நுண்பாசி கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் தேவை ஏறக்குறைய ஒன்றுதான்: வெளிச்சம், நைட்ரஜன், பாஸ்பரஸ். ஒரே இரைக்குப் போட்டியிட்ட இரண்டு பாரமீசியம் (ஒற்றைச் செல் உயிர்) வகைகளில் ஒன்று மற்றதை அடியோடு ஒழித்துவிடுவதை ரஷ்ய விஞ்ஞானி கௌஸ் 1934-லேயே காட்டிவிட்டார். அப்படியானால் குளத்தில் மட்டும் ஏன் ஒன்று ஜெயித்து மற்றவை ஒழியவில்லை? 1961-ல் ஹட்சின்சன் என்ற விஞ்ஞானி இந்தக் கேள்வியை எழுப்பினார். அவர் யோசித்த பதில்களில் ஒன்று, ஒரு வகை ஜெயித்து முடிப்பதற்குள் தண்ணீரின் நிலைமை மாறிவிடுகிறது என்பது. அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். நாகர்கோவிலை அடுத்த பறக்கைப் பக்கம் எங்கள் வீட்டு ஜன்னலில் மூன்று தடவை செய்திருக்கிறேன், முதல் தடவை முழுசாக வீணாய்ப் போனது.

தண்ணீர் எடுப்பது

வயலோரக் குளம் எதுவானாலும் சரி. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-லிருந்து ராம்சர் ஈரநிலம் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்), பறவைகள் இருக்கிற இடம், அங்கே போய்க் கலக்க வேண்டாம். நாலு லிட்டர் எடுத்து, டீ வடிகட்டியின் மேல் ஒற்றை மடிப்பு வேட்டித் துணி விரித்து வடித்து, கழுத்து வெட்டிய இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில்கள் இரண்டில் சமமாக ஊற்றுங்கள். வெயில் நேராக விழாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் வேண்டும். கொசு முட்டையிடாதபடி மேலே வலைத்துணி கட்டிவிடுங்கள்.

உரம்

ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் டிஏபி, 3 கிராம் யூரியா. நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். யூரியா எதற்கு என்றால், டிஏபியில் பாஸ்பரஸ்தான் அதிகம், அதை மட்டும் போட்டால் நைட்ரஜன் பற்றாமல் நீலப்பச்சைப் பாசி தலைதூக்கிவிடும். நுண்பாசிக்குப் பொதுவாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணு கணக்கு, இந்த அளவு கிட்டத்தட்ட அதற்கு வந்துவிடும். மறுநாள் மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரி வேலை

இரண்டு பாட்டிலையும் மெதுவாகக் கலக்கிவிட்டு (கலக்காவிட்டால் அடியில் படிந்த வகைகள் வெளியே வராது, கணக்கு தப்பும்) 200 மி.லி. வெளியே எடுத்து, 200 மி.லி. புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் பாட்டிலுக்குத் தினமும் 1 மி.லி. உரநீர். இரண்டாவதற்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், 7 மி.லி. மொத்தமாக. வாரக் கணக்கில் இரண்டுக்கும் தீனி ஒன்றுதான், ஒன்றுக்குச் சீராக, மற்றதற்கு விருந்தும் பட்டினியுமாக. மருந்துக்கடை சிரிஞ்சு நல்லது, சொட்டுக்குழலை நான் நம்ப மாட்டேன்.

நான் மாட்டிக்கொண்ட இடம்: புதுத் தண்ணீர் எது?

சுத்தமாக இருக்கட்டுமே என்று முதல் தடவை கேன் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரம் பார்த்தால் இரண்டு பாட்டிலிலும் டயாட்டம் என்ற ஓடுள்ள நுண்பாசி ஒன்றுகூட இல்லை, பச்சைப்பாசி மட்டும்தான். சரி, பச்சைப்பாசி ஜெயித்துவிட்டது என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். அது போட்டியே இல்லை. டயாட்டத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது, கேன் தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்ஓ இயந்திரம் உப்போடு சேர்த்து சிலிக்காவையும் வடித்து எடுத்துவிடுகிறது. நான் தினமும் சிலிக்காவை வெளியே எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றும் தராமல் இருந்திருக்கிறேன்.

இந்தத் தவறுதான் எனக்கு விஷயத்தையே புரியவைத்தது. டில்மன் என்ற விஞ்ஞானி 1977-ல் இரண்டு டயாட்டங்களை வைத்துச் செய்த சோதனை இதே சங்கதிதான். பாஸ்பரஸ் பற்றாத தண்ணீரில் ஆஸ்டெரியோனெல்லா ஜெயித்தது, சிலிக்கா பற்றாத தண்ணீரில் சைக்ளோடெல்லா ஜெயித்தது, நடுவில் ஒன்றுக்கு ஒன்றும் மற்றதற்கு மற்றதும் பற்றாமல் இருந்த அளவில் இரண்டும் சேர்ந்தே வாழ்ந்தன. அதனால் எதை ஊற்றுகிறோம் என்பதில் அலட்சியம் கூடாது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றுங்கள், பாறைக்குள் ஊறி வருவதால் அதில் சிலிக்கா கரைந்திருக்கும். மழைத்தண்ணீரும் ஆகாது. குழாய்த் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் வையுங்கள்.

எண்ணுவது

வாரம் ஒரு தடவை, பாட்டிலுக்கு ஒரு சொட்டு, கண்ணில் படும் முதல் நூறில் எத்தனை வகை என்று மட்டும். பெயர் தெரிய வேண்டியதில்லை, படம் வரைந்து எண் கொடுங்கள். காகித மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியும், ஆனால் நூறு எண்ணுவதற்குள் கை நடுங்கிவிடும். பழைய பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள். ஐந்தாவது வாரம் என் முதல் பாட்டிலில் இரண்டு மூன்று வகை மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டிலில் அதைவிட நிறைய வகை உயிரோடு இருந்தது. பாஸ்பரஸை இப்படி விட்டுவிட்டுக் கொடுத்தால் கூடுதல் வகைகள் தங்கும் என்று சோமர் 1984-ல் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார். தென்மேற்குப் பருவத்தில் அடிக்கடல் குளிர்ந்த நீர் மேலே வந்து நம் முட்டம், குளச்சல் கடலுக்கும் இதே மாதிரி உரம் போடுகிறது.

பிற்சேர்க்கை 1: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா, பத்தே நாளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். தண்ணீர்ப்பூச்சி உள்ளே போயிருக்கிறது அக்கா, பாசியையெல்லாம் அதுதான் மேய்ந்துவிட்டது. துணியை விடாமல் திரும்ப வடியுங்கள். குளத்தில் இந்த மேய்ச்சலும் ஒரு காரணம்தான், பெருகின வகையை அதிகம் தின்றால் மற்றதற்கு இடம் கிடைக்கும், ஆனால் அதற்குத் தனிப் பாட்டில் வைக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: முதல் பாட்டிலும் நிலைக்காமல் ஏறி இறங்குகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தப்பில்லை. பற்றாக்குறையான சத்து மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், வெளியே ஒன்றும் மாறாவிட்டாலும் எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கலாம், அதனாலேயே கூடுதல் வகைகள் பிழைக்கலாம் என்று ஹைஸ்மனும் வைஸ்ஸிங்கும் 1999-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நிறுத்திவிடாமல் எண்ணிக்கொண்டே இருங்கள்.

பிற்சேர்க்கை 3: மணக்குடி காயல் தண்ணீரில் செய்ய நினைக்கிற தம்பிக்கு: கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உப்பு இறங்கி பாதி வகை செத்துவிடும். பொழி (காயல் கடலில் சேரும் வாய்) அடைந்திருக்கும்போது ஒரு உப்பு, திறந்தபின் வேறு உப்பு. அதனால் ஐந்து வாரத்துக்கும் வேண்டியதை, பாட்டிலுக்கு ஏழு லிட்டராவது, ஒரே நாளில் எடுத்து, வேட்டித் துணியில் வடித்து, மூடிவைத்துக் கொதிக்கவிட்டு ஆறவைத்துக்கொள்ளுங்கள்.