வளாகத்தில் மகளிர் வரலாறு கொண்டாடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மாணவர் பேரவைகளின் வாட்ஸ்அப் குழுவில் மகளிர் தின ஏற்பாடு தொடங்கினால் முதலில் முடிவாவது உடை நிறம். அடுத்து மண்டபம், பிரமுகர், சாப்பாடு. எந்தப் பெண்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்ற கேள்வி பதாகை அச்சுக்குப் போகும் முந்தைய இரவில்தான் எழும். அந்த அவசரத்தில் கைக்குக் கிடைத்த படமும் கிடைத்த வரியும் சுவரேறிவிடும். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஓர் இரவின் விளைவுதான்.

மார்ச் 8-ஐ விடாமல் பிடித்துக்கொள்வது

ஐ.நா. 1975 முதல் கடைப்பிடிக்கும் நாள் என்பதால் மார்ச் 8 எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2025, 2026, 2027 மூன்று ஆண்டுகளிலும் அந்த நாள் நோன்பு மாதத்துக்குள் விழுகிறது. மதிய விருந்தோடு நிகழ்ச்சி வைத்தால் மலாய்த் தோழிகளில் பாதிப் பேர் வரமாட்டார்கள். மாலை 6 மணிக்கு வைத்தால் 7.30 மணி வாக்கில் நோன்பு திறக்கும் நேரம், பேச்சாளரின் உரைக்கு நடுவே வந்து நிற்கும். மலேசியாவுக்கென்றே ஆகஸ்ட் 25-ஆம் தேதி தேசிய மகளிர் நாள் இருக்கிறது. பல பேரவைகள் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மார்ச் முழுவதையும் மகளிர் வரலாற்று மாதமாகக் கொண்டாடுவது அமெரிக்காவில் 1987 முதல் உள்ள ஏற்பாடு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சுவரொட்டி வார்ப்புகள் அங்கிருந்து வருகின்றன. அவற்றை அப்படியே இறக்கி ஒட்டினால் பினாங்கு வளாகச் சுவரில் பினாங்குக்காரி ஒருத்திகூட இருக்கமாட்டாள்.

எந்தத் தேதியாக இருந்தாலும் மாணவர் விவகாரப் பிரிவுக்கான கெர்தாஸ் கெர்ஜாவை (நிகழ்ச்சி முன்மொழிவுத் தாள்) ஆறு வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து பேச்சாளர் வருகிறார் என்றால் அவருடைய தன்விவரமும் தலைப்பும் கூடவே போக வேண்டும். தலைப்பை ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று விட்டு அனுப்பிய தாள் மேசையிலேயே கிடக்கும்.

பெயரிலும் பட்டத்திலும் சறுக்குவது

அவையில் ஒருவரை மனம் நோகச் செய்ய இதைவிடச் சுலபமான வழி இல்லை. விருதுப் பட்டம் பெற்ற டத்தோவின் மனைவி டத்தின். டான் ஸ்ரீயின் மனைவி புவான் ஸ்ரீ. ஆனால் ஒரு பெண் தன் சாதனைக்காகத் தானே அந்த விருதைப் பெற்றிருந்தால் அவரும் டத்தோ, அவரும் டான் ஸ்ரீ. சில மாநிலங்களில் டத்தின் படுகா என்றும் தருவார்கள். வழக்கறிஞர் மன்றத்துக்கு 2007 முதல் 2009 வரை தலைவராக இருந்த அம்பிகா சீனிவாசன், டத்தோ அம்பிகா. ‘டத்தின் அம்பிகா’ என்று அச்சடித்தால் அவர் உழைத்துப் பெற்றதை இல்லாத ஒரு கணவர் பட்டத்தின் நிழலாக்கிவிடுகிறீர்கள். அதுவும் மகளிர் தினத்தன்று! அழைப்பிதழ் அச்சாவதற்கு முன் பேச்சாளரிடமோ அவர் அலுவலகத்திலோ பட்டத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறர் சொன்னதை நம்பாதீர்கள்.

பழைய பெண்களைத் தேடும்போது பெயர் வேறு விதமாகக் காலை வாரும். திருமணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவாக இருந்த ஜான்சி ராணிப் படையின் ஆவணங்களில் இருப்பவர் ஜானகி தேவர்; 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும், பின்னாளில் மேலவை உறுப்பினராகவும், 2000-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்றவராகவும் வருபவர் ஜானகி ஆதி நாகப்பன். இருவரும் ஒருவரே. இரண்டு பதாகையில் இரண்டு பெண்களாக நிற்கவைத்துவிடாதீர்கள். அந்தப் படையின் தலைவி கேப்டன் லட்சுமியும் அப்படித்தான்: போர்க்காலத்தில் சுவாமிநாதன், பிறகு சேகல்.

இன்னொரு சிக்கல், 1950, 60-களின் ஆங்கில நாளிதழ்கள் மணமான பெண்களைக் கணவர் பெயரில் எழுதின. ராசம்மா பூபாலனைத் தேட ‘ராசம்மா’ என்று மட்டும் தட்டினால் பாதிச் செய்திகள் தப்பிவிடும், ‘மிஸஸ் எஃப். ஆர். பூபாலன்’ என்றும் தட்ட வேண்டும். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவி, ஆண் ஆசிரியருக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடியவரின் செய்திகள் அந்தப் பெயரில்தான் புதைந்து கிடக்கின்றன. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்க் காப்பகத்தில் மலாயாச் செய்திகள் ஏராளம். கன்னிப் பெயர், மணப் பெயர், கணவர் பெயர் மூன்றையும் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள். ‘ஆதி நாகப்பன்’ சேர்ந்தும் வரும், பிரிந்தும் வரும்.

‘முதல் பெண்’ என்று துணிந்து எழுதுவது

எம். ராஜமணி 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர், 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர். அவரை ‘நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் வீராங்கனை’ என்று எழுதினால் யாராவது கையைத் தூக்குவார்கள். 1956 மெல்பர்னில் ஆனி சூங் மலாயாவுக்காக ஓடியிருக்கிறார். மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16. ஆக, ‘மலேசியாவின்’ என்றால் ஒரு விடை, ‘மலாயாவின்’ என்றால் வேறு விடை. ‘முதல்’ என்ற சொல்லைப் போட வேண்டுமென்றால் எந்த நாடு, எந்தப் பதவி அல்லது போட்டி, எந்த ஆண்டு ஆகிய மூன்றையும் அதே வரியில் போடுங்கள். மூன்றில் ஒன்று தெரியாவிட்டால் ‘முதல்’ வேண்டாம். 400 மீட்டர் தங்கம் போதாதா என்ன?

ஜான்சி ராணிப் படை விஷயத்திலும் கை நீளும். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய படை அது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். பர்மாவுக்குப் போனார்கள், மேமியோ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களைப் பராமரித்தார்கள். ‘இம்பால் களத்தில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டார்கள்’ என்பது பதாகைக்காகச் சேர்க்கும் மசாலா. எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் நூலுக்கு நூல் சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேல் வரை மாறுகிறது. ஒற்றை எண் போடாமல் இருப்பது நல்லது. கேப்டன் லட்சுமி இந்தியாவில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து சிங்கப்பூர் வந்தவர். அவரை மலாயாப் பெண்ணாக்கும் தேவை நமக்கு இல்லை. அந்த இடத்தில் கோலாலம்பூரில் பிறந்த ஜானகி இருக்கிறார்.

இதே வகையில், உரிமை கொண்டாடும் ஆசையும் ஒரு தவறு. பினாங்கின் நிக்கோல் டேவிட் ஸ்குவாஷில் 8 முறை உலக வெற்றியாளர். தந்தை இந்திய வம்சாவளி, தாய் சீனர். ‘உலகை வென்ற தமிழச்சி’ என்று தலைப்பிட்டால் தாயை அழித்துவிடுகிறோம்.

தோட்டத்துப் பெண்களை ஒரே படத்தில் முடிப்பது

வாளியும் முக்காடுமாய் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுக்கும் ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம், கீழே ‘தியாகத் தாய்’. பேரும் இல்லை, ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை. இந்த ஒரு பதாகைக்குப் பதிலாக மாணவர்கள் தங்கள் பாட்டிகளிடம் ஒலிப்பதிவு செய்துவந்தால் வேறு எந்த வளாகத்திடமும் இல்லாத வரலாறு கையில் கிடைக்கும். அதில் வழக்கமாகக் கெடுவது இவை.

‘அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு பாட்டி?’ என்று தொடங்கினால் ‘ரொம்பக் கஷ்டம்யா’ என்று முடிந்துவிடும். கேள்வி சின்னதாக, கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்குப் போனீங்க? உங்க நெரையில (ஒருவர் வெட்டும் மர வரிசை) எத்தனை மரம்? பிள்ளையை ஆயாக் கொட்டகையில விட்டீங்களா, ஆயா யாரு? ஒட்டுப்பாலுக்கு (உறைந்து ஒட்டிக்கொண்ட பால்) தனிக் காசா? ஆம்பளைக்கு என்ன சம்பளம், உங்களுக்கு என்ன? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால்தான் விடியுமுன் வேலை. அந்த விடியற்காலைக்கு முன் சோறாக்கியது யார் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மௌனத்தை நிரப்ப அவசரப்படுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. பதில் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஜப்பான்காரன் காலத்துக்கு (1941 டிசம்பர் – 1945 ஆகஸ்ட்) முன்பா பின்பா? அவசர காலத்தில் (1948–1960) வேலி போட்ட போதா? தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற போதா? 1969 மே கலவரத்தின்போது எந்தப் பிள்ளை கைக்குழந்தை? இப்படிக் கேட்டால் ஆண்டு தானாக நெருங்கி வரும்.

கைபேசியை அவர் முகத்திலிருந்து 30 முதல் 50 செ.மீ. தூரத்தில், மேசையில் ஒரு துண்டு விரித்து வையுங்கள். மேசைத் தட்டல் ஒலிக்காது. மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள், கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். ஒரே அமர்வில் 90 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். பத்துப் பாட்டிகளைப் பதிவு செய்துவிட்டு எழுத்தாக்க ஆள் இல்லாமல் கைவிடுவதைவிட மூவரை முழுசாக முடிக்கலாம்.

எழுதும்போது அவர் பேச்சை ஏட்டுத் தமிழாக்காதீர்கள். ‘தொரை’ (தோட்ட நிர்வாகி), ‘கிராணி’ (எழுத்தர்), ‘மங்கு’ (பால் பிடிக்கும் கோப்பை) அப்படியே இருக்கட்டும்; படிப்பவருக்குப் புரியாது என்று தோன்றினால் கடைசியில் ஒரு சொற்பட்டியல் போதும். சம்மதத்தை முதலிலேயே, பதிவிலேயே வாங்குங்கள்: கண்காட்சிக்கா, இணையத்துக்குமா, குரலும் போகலாமா, பெயர் போடலாமா என்று தனித்தனியாக. பேரப்பிள்ளை கேட்பதால் எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்லிவிடுவார். எழுத்தானதைப் படித்துக் காட்டி மறுபடி ஒருமுறை கேட்பதுதான் நியாயம்.

அச்சுக்கடையில் நடப்பவை

ஏ1 பதாகை 594 × 841 மி.மீ. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் நீளவாட்டில் சுமார் 1600 புள்ளிகள்தான் (பிக்சல்) இருக்கும். அதை ஏ1 உயரத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 48 புள்ளி. முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். 150 புள்ளிக்குக் குறையக்கூடாது என்றால் அந்தப் படத்தை 27 செ.மீ. வரைதான் பெரிதாக்கலாம். படத்தை ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லையேல் மூலப் படத்தை நேரில் ஸ்கேன் செய்யுங்கள்.

அச்சுக்கடைக் கணினியில் நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு இல்லாமல் போகலாம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு அங்கே ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். யூனிகோடாக இருந்தாலும் இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துகளை வடிவங்களாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். ஒரு பதாகையை மட்டும் முதலில் ஏ4-இல் எடுத்துத் தமிழ் தெரிந்தவர் சத்தமாகப் படித்துப் பார்க்கட்டும். எழுத்தின் அளவு தலைப்பில் 90 பாயின்ட், உள்ளே 28 பாயின்ட்டுக்குக் குறையாமல், ஒரு மொழிக்கு 120 சொல்லுக்கு மேல் போகாமல். மலாயும் இருக்கட்டும், தமிழர் மட்டும் படித்துவிட்டுப் போகும் சுவர் வளாகத்தில் எதற்கு? நடைபாதையில் மாட்டுவதானால் இரட்டைப் பக்க டேப் ஈரக்காற்றில் ஒரே இரவில் விட்டுவிடும். கயிறோ வெல்குரோவோ போடுங்கள், பதாகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில்.

மேடை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு பிரமுகருக்கு மாலை, பொன்னாடை, புகைப்படம் என்று ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்தாலே 18 நிமிடம் போயிற்று. அந்த நேரம் பெண் பேச்சாளரின் உரையிலிருந்துதான் வெட்டப்படும். பொன்னாடையை இருக்கையிலேயே போர்த்துங்கள். திறப்புரை 5 நிமிடம் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். கோலப் போட்டியும் சேலைப் போட்டியும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையே வரலாறு என்று கணக்குக் காட்டாதீர்கள். பரிமாறுவதும் நாற்காலி அடுக்குவதும் ஆண் உறுப்பினர்கள் பொறுப்பு என்று பணிப்பட்டியலில் பெயரோடு போடுங்கள். போடாவிட்டால் வழக்கப்படி பெண்களே சமையல்கட்டில் நிற்பார்கள்.

மண்டபத்தைக் கூட்டும் அக்காக்களை மேடைக்கு அழைத்துத் திடீரெனப் பூங்கொத்துக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். ஒப்பந்த வேலையில் இருப்பவருக்குப் புகைப்படம் சங்கடமாகலாம், வேலை நேரத்தில் மேடையில் நின்றதற்குக் கேள்வியும் வரலாம்.

முடிந்தபின் கோப்புகளை விட்டுவிடுவது

எல்லாம் செயலாளரின் சொந்த கூகள் கணக்கில் இருக்கும். அவர் பட்டம் பெற்றுப் போன பிறகு இணைப்பு திறக்காது. அடுத்த ஆண்டுச் செயற்குழு அதே பெண்களை மறுபடி தேடத் தொடங்கும். ஒலிக்கோப்பு, எழுத்தாக்கம், சம்மதத் தாள், பதாகை பிடிஎஃப் நான்கையும் ஒரே பெயர் முறையில் வையுங்கள்: ஆண்டு, பேசியவர் பெயர், தோட்டம். பேரவையின் பொதுக் கணக்கில் ஒரு பிரதி, தனி வன்வட்டில் ஒரு பிரதி, பல்கலைக்கழக நூலகம் ஏற்றுக்கொண்டால் அங்கே ஒன்று. பேட்டி தந்த பாட்டிக்கும் ஒன்று போக வேண்டும். பென்டிரைவைக் கையில் திணிக்காமல், வீட்டில் யார் கைபேசியில் அவர் பாட்டுக் கேட்கிறாரோ அதிலேயே ஏற்றிக் கொடுங்கள்.